சலவைக்கூடத்துப் பாக்கியத்தின் நடை

சுதந்திரம் கிடைத்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பண்டார் ஹிலிர் வட்டாரத்தைத் தாண்டிக் கடலோரமாக இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பாக்கியம் துணி துவைத்தாள். விடுதிப் பெண்கள் நூற்றிருபது பேரின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள். காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை நின்றே செய்யும் வேலை. வீடு காஜா பெராங் பகுதியில். போக இரண்டு மைல், வர இரண்டு மைல்.

அந்த ஆண்டு ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள் இருவருக்கு அடுத்தடுத்து இரத்தக் கொதிப்பு வந்தது. புதிதாக வந்திருந்த முதல்வரம்மா, ஊழியர்கள் எல்லாரும் வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்ததும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றார். ஆபீஸ் கிராணி கமலவேணி பெயர்ப்பட்டியல் எழுதினாள். கூட்டுபவர், சமைப்பவர், துவைப்பவர் யாரையும் அவள் விடவில்லை. விட்டால் ஒதுக்கியது போலாகிவிடும் என்று நினைத்தாள்.

கடற்கரைச் சாலையில் ஒரு மைல் போய்த் திரும்ப வேண்டும். பாக்கியத்தின் வீடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டு வாரம் நடந்தாள். கிராணிகள் பேசிச் சிரித்தபடி முன்னால் போனார்கள்; அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். இருட்டுகிற நேரத்தில் வீடு சேர்ந்தால், பார்வை மங்கிப்போன கணவன் மருதமுத்து விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பான்.

“இன்னிக்கும் லேட்டா?”

“நடக்கச் சொன்னாங்க.”

“நீதான் தெனம் நடக்கிறியே.”

அவள் அரிசி களையப் போனாள்.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, எல்லாரும் கல்லூரி வாசலில் கூடி இடப்பக்கம் திரும்பியபோது பாக்கியம் வலப்பக்கம் திரும்பினாள். கமலவேணி பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அக்கா, எங்க போறீங்க? பெரிய மிஸ் லிஸ்ட்ட பாப்பாங்க.”

“நடக்கத்தானே சொன்னாங்க மிஸ். நான் இந்தப் பக்கம் நடக்கறேன்.”

“வீட்டுக்கா? நீங்க பஸ்லதானே போவீங்க?”

“எடம் கெடச்சா போவேன். கெடைக்காது.”

எப்படியும் பேசித் திருப்பிவிடலாம் என்று கமலவேணி கூடவே நடந்தாள். பாலம் வந்தது, கடைத்தெரு வந்தது, பாக்கியம் நிற்கவில்லை. கமலவேணியின் குதிகாலைச் சப்பாத்து கடித்துவிட்டது. ஒரு கடை முன்னால் மட்டும் பாக்கியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை சற்றே உயர்ந்திருக்க, கணுக்காலுக்கு மேல் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருப்பதைக் கமலவேணி பார்த்தாள்.

“இது எத்தன நாளா?”

“அஞ்சாறு வருசமாச்சு. கொஞ்சம் நின்னா சரியாயிடும்.”

வீட்டில் பாக்கியம் கொடுத்த கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, திரும்ப நடக்க முடியாமல் கமலவேணி மூன்று சக்கரத் திரிஷா வண்டி பிடித்துப் போனாள்.

மறுநாள் பட்டியலில் பாக்கியத்தின் பெயரை அடித்தாள். முதல்வரிடம் இரண்டு முறை போய்ப் பேசினாள். ஒரு மாதம் கழித்துப் பாக்கியத்தைக் கிழிந்த விரிப்புகள் தைக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலி இருந்தது. நடைக்குழு நவம்பர் மழையோடு நின்றுபோனது.

“இப்ப எப்படியிருக்கு அக்கா?” என்று கமலவேணி ஒருநாள் கேட்டாள்.

“காலு பரவால்ல மிஸ். இப்ப முதுகுதான்.”

ஆறு ஆண்டுகள் அவள் அங்கே உட்கார்ந்து தைத்தாள். பிறகு மருதமுத்துவுக்குப் பார்வை முழுவதும் போய்விடவே, வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டாள்.