அம்மிக்கல்லுக்குப் பட்ட கண்

எனக்கு எழுத்து ஓட்டமாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். பிறகு தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள வீட்டில் ஆள் தேவைப்பட்டது. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பலதும் மறந்துவிட்டது. அந்த மிளகாய் விஷயம் மட்டும் மறக்கவில்லை.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வெள்ளைக்காரத் துரை இருந்த காலம். மூத்த மகள் கைப்பிள்ளை. விடிந்ததும் அவளைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவேன். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவரை ஆயம்மா என்போம். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். மலை ஏற முடியாதென்றுதான் அந்த வேலையில் போட்டிருந்தார்கள். அழுகிற பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கையால் ஒரு தொட்டில், காலால் ஒரு தொட்டில் என்று ஆட்டிக்கொண்டிருப்பார்.

அந்த மழைக்காலத்தில் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு விழுந்தன. சளி, காய்ச்சல், பால் குடிக்காது. என் மகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. லயம் என்ற நீள வீட்டில் குடும்பத்துக்கு ஒரு அறை, காம்பரா என்போம். பக்கத்துக் காம்பரா அக்காவின் மகனுக்கு இன்னும் மோசம். மருந்து வீட்டில் கொடுத்த சிவப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கக்கினான். லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துக்கொண்டு அக்காதான் முதலில் சொன்னார்.

"இது சீக்கு இல்லடி. கண்ணு. பெறாதவ கண்ணு. நாள் பூரா நம்ம புள்ளைங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கால்ல?"

அன்று சாயங்காலமே எல்லாக் காம்பராவிலும் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டோம். நெடி அடித்து இருமல் வந்தால் கண் பட்டிருக்கவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது. நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். ஒரு வீட்டிலும் நெடி வரவில்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆயம்மா வேலைக்கு வராத ஒரு நாளும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. "நேத்துப் பாத்தது இன்னைக்கு வேலை செய்யுது" என்றார் அக்கா. கங்காணி வீட்டுப் பேரன் மட்டும் குண்டாக விளையாடிக்கொண்டிருந்தான். "அவன் தாயத்துக் கட்டியிருக்கான்ல?" என்றார். எதைக் கேட்டாலும் அக்காவிடம் பதில் இருந்தது. அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் எல்லாரும் சேர்ந்து சொல்லி, ஆயம்மாவை வேலையை விட்டு நிறுத்தச் சொல்வதென்று பேச்சு. தோட்டத்து வேலைக் கணக்கில் பேரை வெட்டினால் காம்பராவும் போய்விடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. சனிக்கிழமை காலையில் பிள்ளையை நீட்டினேன். ஆயம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காமலே கையை மட்டும் நீட்டி வாங்கினார். பிள்ளை அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அன்று முழுதும் எனக்குக் கொழுந்தில் கை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடுப்பு திகுதிகுவென்று எரிய, சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மகளுக்குச் சுற்றிப் போட்டேன். நெடி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைச் சிரிக்க வைக்கத்தான் என் வீட்டுக்காரர் முன்னால் வந்து குந்தினார். அம்மைத் தழும்பு முகம், முன்பல்லும் இல்லை.

"எனக்கும் ஒருக்காச் சுத்திப் போடேன் புள்ள. இந்த மொகரைய பாத்தும் எவளாச்சும் பெருமூச்சு விட்டிருப்பா."

சுற்றிப் போட்டேன். நெடி வரவில்லை.

"பாத்தியா! என்னையும் விட்டு வைக்கலடி!" என்று குதித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனதுக்குள் ஏதோ இடறியது. இவருக்கும் வரவில்லையா? இன்னும் இரண்டு மிளகாயை எடுத்து, மூலையில் கிடந்த அம்மிக்கல்லைச் சுற்றினேன்.

"ஒனக்கு என்னமும் ஆயிருச்சா?"

"இருங்க."

அடுப்பில் போட்டேன். அதற்கும் நெடி இல்லை. அவர் அம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சோறு வடித்ததும் தீ அணைந்து தணலாகிவிட்டது. மறுபடி மகளைச் சுற்றினேன். அவளை அவர் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, மிளகாயைத் தணலில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை கமறியது. கண்ணில் தண்ணீர். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருந்தாலும் கூரை ஒன்றுதானே. அடுத்த காம்பராவிலிருந்து அக்கா இருமிக்கொண்டு கத்தினார்.

"எவடி அவ, மூட்டை மொளகாய வறுக்குறவ?"

முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"எரியிற தீயில போட்டேன், வரல. தணல்ல போட்டேன், வருது. ரெண்டு தடவையும் எம் மகதான்க்கா."

"மொதத் தடவ சுத்துனப்பவே கண்ணு கழிஞ்சிருக்கும். அதான் ரெண்டாவதுக்கு நெடி வருது" என்றார் உடனே. அதுவும் சரிதானே என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. நல்ல வேளை, அம்மி இருந்தது.

"அம்மிக்குஞ் சுத்துனேன்க்கா. அதுக்கும் வரல."

"சாமி காரியத்துல வெளையாடாத!"

ஆனால் போகவில்லை. தன் வீட்டு மிளகாயைக் கொண்டுவந்து, விறகைத் தள்ளி ஊதித் தீயை எழுப்பி, அவரே அம்மியைச் சுற்றிப் போட்டார். நின்றோம். நெடி இல்லை. விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் ஒன்று போட்டார். இரண்டு பேரும் இருமிக்கொண்டு முன்வாசல் இஸ்தோப்புக்கு ஓடினோம்.

நாங்கள் வேலை முடிந்து வந்து, சோற்றுக்கு அடுப்பு நன்றாக எரியும்போதுதான் எப்போதும் சுற்றிப் போடுவோம். யாருக்குச் சுற்றினாலும் கண் என்றுதான் வந்திருக்கும்.

அக்கா சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

"அப்ப எம் புள்ளைக்கு என்னடி?"

"தெரியலக்கா."

"கண்ணுன்னா கழிக்கலாம். ஒன்னுமே தெரியலன்னா நான் என்னத்தடி செய்ய?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நமக்குத் தெரியலக்கா. தெரியலங்கிறதுக்காக ஆயம்மாவப் புடிச்சுக்கிறதா? அவங்க வந்தாலும் அவங்கதான், வராட்டியும் அவங்கதான்னோம். வேற என்ன நடந்திருந்தா அவங்க இல்லன்னு சொல்லியிருப்போம்?" அவ்வளவு நீளமாக நான் அதுவரைக்கும் பேசியதில்லை. அக்காவிடம் பதில் இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கையா, "என்னமோ சொல்லணும்னு நின்னீங்களாமே?" என்றார். பெண்கள் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"புள்ள மடுவத்து ஜன்னல்ல கண்ணாடி ஒடஞ்சு கெடக்குங்க ஐயா. புள்ளைங்க படுத்திருக்கிற பக்கம் கூதக்காத்து நேரா அடிக்குது. ஆயம்மா சாக்கு வச்சு அடைச்சும் நிக்கலீங்க."

அந்தச் சாக்கை நாங்கள் எல்லாரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கண்ணாடிக்குப் பதில் பலகை அடித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மெல்லத் தேறின. பலகையால் தேறினவா, மழை விட்டதால் தேறினவா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பலகை அடித்த பிறகும் ஒன்றிரண்டு பிள்ளைகள் இருமிக்கொண்டுதான் இருந்தன. அக்கா மகன் பிழைத்துக்கொண்டான். ஆயம்மா கொஞ்ச நாளைக்குத் தரையைப் பார்த்தபடியேதான் பிள்ளைகளை வாங்கினார். ஒரு நாள் அக்கா தன் மகனைக் கொடுக்கும்போது, "பாத்து வாங்குங்க ஆயம்மா, ஒங்கள பாத்துதான சிரிக்கிறான்" என்றார். அப்போதுதான் ஆயம்மா நிமிர்ந்தார்.

அந்தத் தோட்டத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உடைந்தது ஜன்னல் கண்ணாடிதானா, கதவுப் பலகையா என்று சொல்லுங்கள். என் மகளிடம் கேட்டால் அவள் சிரிக்கிறாள். மிளகாய் விஷயத்திலும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எரிகிற அடுப்பில் ஒன்று, தணலில் ஒன்று, நீங்களே போட்டுப் பார்த்து, நான் எழுதியது சரியா என்று சொல்லுங்கள். பிள்ளைகளை மட்டும் முதலில் வெளியே அனுப்பிவிடுங்கள்.