குங்கிலியம் அடைத்த படகு

கோயிலில் குங்கிலியம் புகைந்தால் எல்லோரும் கைகூப்புவார்கள். என் கால்விரல்கள் மட்டும் ஈரம் தேடும்.

நான் சிறுமியாக இருந்தபோது, தா.பழூர்ப் பக்கம், இப்போது பாலம் நிற்கும் கொள்ளிடத் துறையில் அப்பா படகு விட்டார். அடிப்பலகை பிளந்ததும், படகு வேலை தெரிந்த ஆசாரி எங்கும் கிடைக்காமல், அரும்பாவூரிலிருந்து மரத்தில் சாமி சிலை செதுக்கும் ஆசாரியைக் கூட்டி வந்தார். அவர் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, பஞ்சில் தோய்த்து, விரிசலில் அடைத்தார்.

"சாமி செய்யுற கை, ஒண்ணும் ஆவாது" என்று ஆசாரியையும் என்னையும் அப்பா ஏற்றிக்கொண்டார். பலகை முனகும்போதெல்லாம் அடைத்த இடத்தைக் கால்விரலால் தடவிக்கொண்டு, விலகிப்போகும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடு ஆற்றில் ஆசாரி என் கையைப் பிடித்தார். அப்பாவுக்குக் கேட்காமல் குனிந்து கேட்டார்: "பாப்பா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"