ஈரச் சக்கரம்

பட்டறையில் அவருக்குப் பெயர் பாம்புக்காது. பணக்காரர்களின் மோட்டார் வண்டிகளில் எங்கே முனகல் கேட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மரக்குச்சியின் ஒரு முனையை வண்டியில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். ஒருமுறை கதவுக்குள் விழுந்து கிடந்த கொண்டை ஊசியை அப்படித்தான் கண்டுபிடித்தார். "ஊர்ச் சத்தமெல்லாம் கேக்கும், நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது" என்பாள் மனைவி. இருபது வருடத்தில் ஒரு வண்டியும் சத்தத்தோடு திரும்பிப் போனதில்லை என்று அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அன்று காலை வந்த கறுப்பு வண்டியை ஓட்டி வந்தவர் அவருடைய மாப்பிள்ளை. வளைவில் திரும்பினால் கிறீச்சிடுகிறது, பின்சீட்டில் உட்கார முடியவில்லை என்று வண்டியின் முதலாளி எரிந்து விழுந்தார். குச்சியை ஊன்றியதுமே பாம்புக்காதுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முன்சக்கரத்தின் மர ஆரக்கால்கள் காய்ந்து சுருங்கி, பொருந்திய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

"சக்கரத்தை மாத்தணும்ங்க. நாலு நாள் ஆகும்."

"மத்தியானம் மலை பங்களாவுக்கு விருந்தாளிங்க வராங்க. உன்னால முடியாதுன்னா சொல்லு, எதிர்ப் பட்டறைக்குப் போறேன்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. "ஒரு மணி நேரம் குடுங்க" என்றார்.

சக்கரத்தில் சாக்கைச் சுற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் குடித்த மரம் உப்பி இறுகும், சத்தம் போய்விடும். வெயிலில் காய்ந்தால் முன்னைவிட மோசமாகத் தளரும். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம்தான். பாம்புக்காதே செய்யும்போது யார் வாயைத் திறப்பது? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது சறுக்கல் இல்லை, தெரிந்தே வைத்த அடி.

மாப்பிள்ளை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மூச்சு விடவில்லை வண்டி. அவருக்கு வாயெல்லாம் பல்.

"இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மாமா மலைப்பாதையில மெதுவா உருட்டிக்கிட்டுப் போவேன். இன்னைக்குப் பாருங்க, பறந்துடுறேன்!"

பாம்புக்காது ஒரு அடி முன்னால் வந்தார். மறுபடி சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"பாத்துப் போங்க, மாப்பிள்ளை."

அவ்வளவுதான் வந்தது. அது யாரும் யாருக்கும் சொல்வது. வண்டி தெருமுனை திரும்பும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கிறீச் ஒரு தடவையாவது கேட்டுவிடாதா என்று தவித்தார். கேட்கவில்லை.

உச்சி வெயிலில் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள்.

"சத்தத்தை நீங்கதான் எடுத்தீங்களாமே, அப்பா? காலையில நம்ம வாசல் வழியாப் போறப்போ அவர்தான் சிரிச்சுக்கிட்டே கத்திச் சொல்லிட்டுப் போனார்." அவளுக்கு ஒரே பெருமை.

அவர் கீழே கிடந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று காய்ந்திருந்தது.

"இந்நேரம் எங்க இருப்பாங்கம்மா?"

"மலையில பாதி ஏறியிருப்பாங்க. ஏன்ப்பா, சாப்பாட்டைத் தொடவே இல்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆபீஸ் அறையில் டெலிபோன் மணி அடித்தது. பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விடாமல் அடித்தது. பாம்புக்காது மட்டும் அது காதில் விழாதவர்போல, சாக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.