அமல்தாஸ் சார் எழுதிய நான்கு வரிகள்

அமல்தாஸ் சார் காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை காலை போனில் சொன்னார். பழைய அலுவலகத்தில் யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு மேல் எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

விளாத்திகுளத்திலிருந்து தட்டச்சராக நான் தூத்துக்குடி துறைமுகச் சாலை அலுவலகத்துக்கு வந்தபோதே அவர் பேர் வாங்கியவர். முப்பது பக்கக் கோப்பைக் கொடுத்தாலும் மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு வரியில் சுருக்கித் தந்துவிடுவார். மேலதிகாரிகள் கோப்பைப் புரட்டுவதில்லை. அந்த நான்கு வரியைப் படித்துக் கையெழுத்துப் போடுவார்கள். அதில் சாருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. “படிக்கிறவருக்கு நேரம் இல்ல மேடம். எழுதுறவருக்கு நிறுத்தத் தெரியல. நாமதான் நடுவுல நிக்கணும்” என்பார்.

பிறகு, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி ஒன்று கவிழ்ந்தது. ஆறு பேரில் சமையல்காரர் சூசை மட்டும் மீன்பிடிப் படகு ஒன்றின் கண்ணில் பட்டுப் பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னதையெல்லாம் அமல்தாஸ் சார் ஒரு சொல் விடாமல் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். அதிகாரி அதைக் கையில் வாங்கவே இல்லை. “தேடப் போனவங்க கேக்காங்க. சுருக்கிக் குடுங்க” என்றார்.

சார் நான்கு வரி எழுதிக் கொடுத்தார், நான் தட்டச்சு செய்தேன். “மற்ற ஐவரும் மூழ்கிவிட்டதாகத் தெரிகிறது” என்று முடிந்தது. ஒன்பது பக்கத்தையும் நானும் படித்திருந்தேன். எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை. மறுநாள் மதியத்தோடு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஒன்பது பக்கத்தைப் படித்தவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். தோணி முதலாளியின் வக்கீல், “தோணியக் கவுத்தது காத்து, இதுல இருக்கிறது அது மட்டும்தான்” என்றார். காப்பீட்டுக்காரர், அளவுக்கு மேல் பாரம் ஏற்றியதுதான் இதன் சாரம் என்றார்.

நான்காம் நாள் ரெஜினா வந்தார். தோணியை நடத்திச் சென்ற தண்டலின் மனைவி. அவருக்கு எழுத்து தெரியாது. “சுருக்கம்லாம் வேண்டாம் சார். அந்த மனுசன் சொன்னத அப்படியே படிங்க” என்றார். சார் நிதானமாகப் படித்தார். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: “தண்டலும் அவரு மச்சினனும் பீப்பாயப் புடிச்சி மெதந்தாவ. அலை என்னைய வெலக்கிட்டு. கை காட்டுனாவ. பொறவு பாக்கல.”

ரெஜினா கையை நீட்டி நிறுத்தினார்.

“கை காட்டுனாவன்னா உசுரோடல்லா இருந்திருக்காவ. கூப்புட்டிருக்காவ. நீங்க என்னன்னு எழுதுனீய?”

“கடைசியா கையசைச்சு விடைபெற்றதா எடுத்துக்கிட்டேன்மா.”

சார் எழுந்து அதிகாரியின் அறைக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். மறுபடி தேடச் சொல்லிக் கடிதம் போனது. முடிந்துபோன விஷயம் என்று பதில் வந்தது.

அந்த வார இறுதியில் நாங்கள் இருவரும் திரேஸ்புரத்தில் சூசையின் வீட்டுக்குப் போனோம். எப்படிக் கை காட்டினார்கள் என்று சார் கேட்டார். சூசை படுத்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

“கரை அங்கனன்னு காட்டுனாவ சார். அந்தப் பக்கமா நீந்துனதாலதான் நான் இங்கன கெடக்கேன்.”

“அன்னைக்கு ஏன் இதச் சொல்லல?”

“சொன்னேனே சார். கை காட்டுனாவன்னு சொன்னேனே.”

வெளியே வந்த சார் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டார். “தெளிவா இருந்திருக்காங்க மேடம். தெம்பாவும் இருந்திருக்காங்க” என்றார். உடனே தேடியிருந்தாலும் கிடைத்திருப்பார்களா என்பது தெரியாது என்று நான் சொன்னேன். “தெரியாது. அதைத்தான் நான் எழுதியிருக்கணும்” என்றார்.

அதன்பிறகு அவர் எதையும் சுருக்கி எழுதவில்லை. பழைய கோப்புகளை அடுக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போயிற்று. அந்த நான்கு வரி தவறு, அதை எழுதியவன் நான், பதிவேட்டில் திருத்துங்கள் என்று ஓய்வு பெற்ற பிறகும் மனு எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி மனு பதினோரு பக்கம். அது என்ன ஆயிற்று என்று விசாரிக்க நான்தான் போனேன். அதன்மேல் யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்: “ஓய்வுபெற்ற ஊழியரின் பணி தொடர்பான குறை. நடவடிக்கை தேவையில்லை.” சாரிடம் சொன்னேன். “நல்லாத்தான் சுருக்கியிருக்காங்க” என்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதற்குப் பின் அவர் பேனா எடுக்கவில்லை என்று மகள் சொன்னார்.

அடக்கத்துக்கு ரெஜினா வந்திருந்தார். போகும் வழியில் சார் ரெஜினா வீட்டு வாசலில் நிற்பதும், அவர் கதவைச் சாத்திக்கொள்வதும் பல வருடம் நடந்தது என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தில் வந்து நின்றார்.

“மன்னிச்சிட்டேன்னு சொல்ல வரல. அப்படி ஒண்ணும் எனக்குள்ள இல்ல” என்றார். “எங்க வீட்டு ஆளுக்கு மண்ணு போட முடியல. இவுகளுக்காவது போட்டுட்டுப் போறேன்.”

அமல்தாஸ் சாரை நல்லவர் என்று நான் இங்கே எழுதினால் ரெஜினா படிக்கச் சொல்லிக் கேட்பார். தவறிழைத்தவர் என்று எழுத எனக்கு உரிமை இல்லை, தட்டச்சு செய்த விரல்கள் என்னுடையவை. போய்வாருங்கள், சார். திருத்தம் எதுவும் நடக்கவில்லை.

ரெஜினா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். போட்டார். இன்னொரு பிடி அள்ளினார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் நகரவில்லை. அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.