இரண்டு மணிக்கு ஒரு மணி

பேய், பிசாசு, முனி, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவன் அல்ல. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துப் பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன். ஸ்டோருக்குப் பின்னால் வெள்ளைச் சேலை நடமாடுவதாக யாராவது வந்து சொன்னால், எழுத்தில் கொடு, மூன்று பிரதி, சாட்சி இரண்டு பேர் என்பேன். ஒருவரும் கொடுத்ததில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

சீனி வியாதி வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார், நடை எனக்குச் சலித்துப்போய் சைக்கிளுக்கு மாறினேன். கூட வர ஒரே ஆள்தான் கிடைத்தான், என் மனைவியின் தம்பி ரவி. தலவாக்கலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கிறான், வயது ஐம்பத்தெட்டு. தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன். நெஞ்சில் அடைப்பு வந்து உள்ளே ஸ்டெண்ட் வைத்து அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை. மெதுவாக மிதித்தால் நல்லது என்று அவனுடைய டாக்டரும் சொல்லியிருந்தார்.

ஹோட்டன் சமவெளிக்குள்ளே போகும் தார் ரோட்டில், பட்டிப்பொல வாசலில் ஏறி ஒகியா வாசலில் இறங்குவது என்று திட்டம் போட்டோம். இன்டர்நெட்டில் அந்தப் பாதையை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தார்கள். நான் அதை நம்பவில்லை, பாதையின் படத்தை அச்செடுத்து ஏற்றங்களுக்குச் சிவப்பும் இறக்கங்களுக்குப் பச்சையும் போட்டேன், விண்ணப்பம் எழுதி அனுமதியும் வாங்கினேன். கிளம்புகிற காலையில் என் மனைவி தேநீரை நீட்டியபடி சொன்னாள்:

"தம்பி ஒடம்பு ஒங்களுக்குத் தெரியும்தானே. நெஞ்சுல கம்பி வச்சிருக்கான். கூட்டிட்டுப் போறது நீங்க. கூட்டிட்டு வாரதும் நீங்களா இருக்கணும், சொல்லிப்புட்டேன்."

"எல்லாத்துக்கும் முறை எழுதியிருக்கேன்" என்றேன்.

உண்மையிலேயே எழுதியிருந்தேன். பலவீனமான ஆளைப் பின்னால் விடக்கூடாது என்பது முதல் விதி. அந்த விதியை வாசலிலேயே உடைத்தவன் ரவி. "அத்தான், நீங்க பின்னால வந்தா தொரத்துற மாதிரி இருக்கு, மூச்சு முட்டுது. நீங்க முன்னால போங்க, நான் ஆடி அசைஞ்சு வாரேன்" என்றான். சரி என்று இன்னொரு முறை வகுத்தேன். முன்னால் போகும் நான் இரண்டு மணி அடிப்பேன், பின்னால் வரும் அவன் ஒரு மணி பதில் அடிக்க வேண்டும். பதில் வராவிட்டால் நான் திரும்பி வருவேன். அவ்வளவுதான்.

ரவி சிரித்தான். "சைக்கிள்ல ஏறினாலும் பெரட்டு விடமாட்டீங்களே!"

அவன் சொன்னது சரி. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, அப்பா பெயரோடு சேர்த்துப் பெயர் வாசித்து வேலைக்குப் பிரிப்பது. பெயர் வந்தால் 'வந்தேங்க' என்று சொல்ல வேண்டும். ஒருவன் காய்ச்சலில் லயத்தில் கிடப்பான், பக்கத்துக் காம்பராக்காரன் குரலை மாற்றி அவனுக்கும் சேர்த்து 'வந்தேங்க' என்பான். இந்த ஏமாற்றைப் பிடிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை. பதில் வராத பெயரை விட்டுவிட மாட்டேன், பட்டியல் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொல்வேன். அது நான் கொண்டுவந்த முறை.

நாங்கள் உள்ளே போகும்போது நல்ல வெயில். வார நாள், ஜீப் எதுவும் இல்லை. இரண்டு திருப்பம் தாண்டியதும் பனி இறங்கியது. மலையில் பிறந்த எனக்குப் பனி புதிதல்ல, ஆனால் அது மேலிருந்து இறங்காமல் புல்லுக்குள்ளிருந்து எழுந்தது போல வந்தது. சைக்கிளின் முன் சக்கரம் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. இரண்டு மணி அடித்தேன். பின்னாலிருந்து ஒரு மணி வந்தது. நிம்மதியாக மிதித்தேன்.

இப்படியே ஏழெட்டுத் தடவை. ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது, ஒன்றுகூடத் தவறவில்லை. பையன் நன்றாக மிதிக்கிறானே என்று பெருமைப்பட்டேன் என்றால் பாருங்கள்.

ஓர் இடத்தில் ரோட்டின் நடுவில் மரைகள், பெரிய காட்டு மான்கள், நின்றன, நான்கைந்து இருக்கும். அங்கே மரைகளுக்கு மனிதர் என்றால் பயமே இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நின்று மேயும். நான் பிரேக் பிடித்து மணி அடித்தேன், அவை அசையவில்லை. எனக்குப் பின்னால் பதில் மணி கேட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் பார்த்தன. பிறகு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு பனிக்குள் பாய்ந்து ஓடின. நான் திரும்பிப் பார்த்தேன். வெறும் பனி.

அப்போதும் புரியவில்லை. அடுத்து ஒரு நீளமான இறக்கம், என் படத்தில் பச்சை. பிரேக்கை விட்டேன், காற்று காதை அடைத்தது, அவனைக் குறைந்தது கால் மைல் பின்னால் விட்டிருப்பேன். கீழே வந்து மணி அடித்தேன். பதில் அதே தூரத்திலிருந்து வந்தது. ஏற்றத்தில் எவ்வளவு தூரமோ, இறக்கத்திலும் அவ்வளவு தூரம். அதைவிட இன்னொன்று. என்னுடைய இரண்டாவது மணி ஓய்வதற்குள்ளே பதில் வந்துவிட்டது.

எனக்குப் பிடிபட்டது அப்போதுதான். பெரட்டில் ஆள் மாற்றிக் குரல் கொடுப்பவனை நான் எப்படிப் பிடிப்பேன் தெரியுமா? அவன் கொஞ்சம் முந்திக்கொள்வான். தன் பெயருக்கு ஆள் சாவகாசமாகப் பதில் சொல்வான், அடுத்தவன் பெயருக்குக் காத்துக்கொண்டிருந்து வாசித்து முடிக்கும் முன்பே சொல்லிவிடுவான். முப்பத்து நான்கு வருடம் அதைக் கேட்ட காது இது.

சைக்கிளை நிறுத்தினேன். "ரவி!" என்று கத்தினேன். அவன் குரல் வரவில்லை. நான் அடிக்காமலே ஒரு மணி அடித்தது, பத்தடி தூரத்தில்.

ஒகியா வாசல் முன்னால் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அங்கே ஆள் இருப்பார்கள், அந்தப் பக்கம் ஓடிவிடலாம் என்றுதான் என் உடம்பு சொன்னது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு காலைப் பெடலில் வைத்தும்விட்டேன். பிறகு என் மனைவி தேநீரை நீட்டிய கை ஞாபகம் வந்தது. சைக்கிளைத் திருப்பி, மணி கேட்ட திசைக்குள்ளேயே, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு மிதித்தேன். எதிலும் மோதவில்லை. கொஞ்சம் தூரம் போய் இரண்டு மணி அடித்தேன். பதில் வந்தது. இப்போதும் எனக்குப் பின்னாலிருந்துதான்.

அதற்குப் பிறகு நான் மணியைத் தொடவில்லை. ஆனாலும் அது விட்டு விட்டு அடித்துக்கொண்டே வந்தது, நான் ஏதோ கேட்க மறந்துவிட்டது போல.

ரவி கிடந்த இடம் பட்டிப்பொல வாசலிலிருந்து இரண்டாவது திருப்பம். அதாவது பனி இறங்கிய அதே இடம், நான் முதல் மணி அடித்த இடம். சரளையில் சறுக்கி ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்திருந்தான், சைக்கிள் அவன் மேலே கிடந்தது. தோள் எலும்பு உடைந்திருந்தது, முகம் சாம்பல் நிறம், ஒரு கை நெஞ்சில். அவனுடைய மணியின் மேல் மூடி கழன்று புல்லில் கிடந்தது. நானேதான் அதைப் பொறுக்கிப் பையில் போட்டேன். அடித்தாலும் ஓசை வராத மணி அது.

நான் வாசலுக்குப் போய்ச் சொன்னதும் வாசல்காரர் ஓடிவந்து, "மாத்தயா, தண்ணி குடுக்க வேணாம்" என்று உடைந்த தமிழில் சொல்லி, வாகனம் வரவழைத்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். இன்னும் அரை மணி போயிருந்தால் நீங்கள் வேறு வாகனம் தேடியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். மணி வந்ததால்தானே நான் திரும்பி வராமல் போய்க்கொண்டே இருந்தேன். வராத ஆளுக்கு வந்ததாகப் பதிந்தவன் நான்.

மூன்றாம் நாள் வார்டில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட தோளோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"மணியெல்லாம் எனக்குக் கேக்கல அத்தான். எனக்குப் பேர் வாசிச்சது கேட்டுச்சு."

"என்ன பேர்?"

"பெரட்டுல வாசிப்பாங்களே, அதே மாதிரி. அப்பன் பேரோட. ஒண்ணு ரெண்டு இல்ல, நெறையப் பேரு. ஒவ்வொருத்தரும் வந்தேங்க, வந்தேங்கன்னு சொல்றாங்க. நம்ம பழைய ஆளுங்க குரலு. செத்துப்போனவங்க."

"மயக்கத்துல ஆயிரம் கேக்கும்டா."

"எம்பேரும் வந்துச்சு. சொல்லணும்னு வாயத் தொறந்தேன், சத்தம் வரல. எனக்கு முந்தி பக்கத்துல யாரோ வந்தேங்கன்னு சொல்லிட்டாங்க. எனக்காக."

"யாரு?"

"தெரியல." முகத்தை என் பக்கம் திருப்பாமலே சொன்னான். "எனக்கு அடுத்து ஒங்க பேரு அத்தான். ஒங்க அப்பா பேரோட. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. அடுத்த பேருக்குப் போயிட்டாங்க."

ரவி இப்போது நன்றாக இருக்கிறான், கடைக்குப் போகிறான். நடந்ததற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. அவனுக்குக் குரல் கொடுத்ததும் என்னைத் திரும்ப விடாமல் மணி அடித்ததும் ஒன்றுதானா, அது நல்லதா கெட்டதா, எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது முறை மட்டும்தான். பதில் வராத பெயரைப் பட்டியல் முடிந்ததும் மறுபடி வாசிப்பார்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

மாதம் ஒரு தடவை சீனி கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே நர்ஸ் பெயர் எழுதிய கொப்பியைப் பார்த்து முழுப் பெயரையும் வாசிப்பார். அவர் என் அப்பா பெயரைச் சொல்லி என் பெயரைத் தொடங்கும்போதே நான் எழுந்து 'வந்தேங்க' என்றுவிடுகிறேன். போன தடவை அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன அவசரம் ஐயா, வாசிச்சு முடிக்க விடுங்களேன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை வருடமும் நான் பிடித்தவர்கள் எல்லாம் இப்படித்தான் முந்திக்கொண்டார்கள்.