ஒரு முனை பருத்த ஷாஃப்ட்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தகரக் கொட்டகை போட்டு லேத் என்னும் கடைசல் மெஷினை ஓட்டுபவள் ஜான்சி. முன்பு பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் ஆபரேட்டர். அது மூடப்பட்டபோது, தான் ஓட்டிய லேத்தையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீர் மோட்டார்களுக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்டைக் கடைந்து கொடுப்பது பிழைப்பு. அந்த மெஷினின் ஒவ்வொரு சத்தமும் தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தாள்.

ஒருநாள் மோட்டார் கடைக்காரர் ஷாஃப்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "இந்தப் பக்கம் பேரிங் ஏறுது. அந்தப் பக்கம் ஏறவே மாட்டேங்குது மேடம்."

அளந்து பார்த்தாள். ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்திருந்தது. கைத்தவறு என்று நினைத்து இன்னொன்று கடைந்தாள். அதுவும் அப்படியே வந்தது. சத்தத்தில் மாற்றமில்லை, மெஷின் சூடாகவும் இல்லை.

மெக்கானிக் கேசவன் வந்து லேத்தைத் தட்டிப் பார்த்தார். "மெஷினோட பேரிங் பூட்ச்சிம்மா. வேற ஒண்ணும் இல்ல."

மாற்றினார்கள். குறை போகவில்லை. பிறகு ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அன்று சரியாக வந்தது. சில நாளில் மறுபடி அதே கோணல்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கயேன்" என்றான் கணவன் ஆல்வின். தாம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்வையில் கோளாறே இல்லை என்றார்கள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. கண் கெட்டிருந்தால் காரணமாவது கிடைத்திருக்கும்.

மறுநாள், கடைசலின்போது சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட் தரையில் சொட்டியது. மெஷினுக்கு அடியிலுள்ள தட்டில் அது எப்போதும் வலக்கோடி ஓட்டைக்குத்தான் ஓடும். இன்று இடக்கோடியில் தேங்கி வழிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மனையிலிருந்து பம்ப் சத்தம் கேட்டது. அங்கே அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டி, ஊற்று நீரை ஓயாமல் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேசவனை அழைத்தாள். "அண்ணா, மெஷின் கெடலன்னு நெனைக்கிறேன். பக்கத்துல தண்ணி எறைக்கிறதுல தரை எறங்கியிருக்கு."

"கான்கிரீட்டு எப்டிம்மா எறங்கும்? இன்னா சொல்ற?"

வந்து மெஷின்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. மெஷினின் ஒரு கால் தாழ்ந்து, உடலே லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. காலடியில் தகடுகள் செருகி, போல்ட்டைத் தளர்த்தியும் இறுக்கியும் மட்டம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு கடைந்த ஷாஃப்ட் இரு முனையிலும் ஒரே அளவு காட்டியது.

கேசவன் தலையைச் சொறிந்தார். "அப்போ நான் கழட்டன பேரிங்கு? அதுவும் ஆட்டமாத்தான் இருந்துச்சி. ரெண்டும் ஒண்ணா வந்துச்சா, இல்ல நாந்தான் தப்பா பாத்தனா... ஒண்ணும் புரியலம்மா."

பக்கத்து மனை இன்ஜினியரிடம் கேட்டாள். "எங்க வேலையால இருக்காது மேடம்" என்றார். அப்புறம், "இருந்தாலும் இருக்கலாம்" என்றார்.

புது ஷாஃப்டுகளைக் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். ஆனால் பள்ளத்தில் பம்ப் நிற்கவில்லை. கேசவன் ரசமட்டத்தை அவளிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு காலையில் அதை மெஷின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, குமிழி கொஞ்சம் நகர்ந்திருக்கு."

"எந்தப் பக்கம்?"

குனிந்து மறுபடி பார்த்தாள்.

"இப்ப நடுவுலதான் இருக்கு."

"சாயங்காலமும் வெச்சுப் பாக்கறேன்ணா" என்றாள். பிறகு போனை வைத்துவிட்டு லேத்தை ஓடவிட்டாள்.