வீட்டுக்குள் மட்டும் தெரியும் எண்

பல் ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும் அவர் டோக்கன் சார்தான். வாயைத் திறக்கச் சொல்வது டாக்டர் வேலை. வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வது இவர் வேலை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம் வரை நகர முடியாது. வீட்டில் மனைவி தனி. அவளுக்கு எப்போது வலிப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன மாதம் சமையலறையில் விழுந்து நெற்றி கிழிந்தது. அதிலிருந்து தண்ணீர் குடிக்க எழுவதற்குக்கூட பயப்படுகிறாள்.

மச்சினன் ஒரு பழைய கேமராவைக் கொடுத்தான். கேபிள்காரர் அதை மோடத்தோடு சேர்த்துவிட்டு, போனில் அடிக்க ஓர் எண்ணும் கொடுத்தார்: 192.168.0.14. டோக்கன் சார் கூடத்தில் நின்று அடித்தார். சமையலறை பளிச்சென்று தெரிந்தது. மனுஷனுக்கு அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வைஃபையில் அதே எண்ணை அடித்தார். வந்தது டாக்டர் அறை பிரிண்டரின் பக்கம். ‘காகிதம் இல்லை’ என்றது. வைஃபையை அணைத்துவிட்டு அடித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதறிப்போய்க் கேபிள்காரரைக் கூப்பிட்டார்.

“அது உங்க மோடம் வீட்டுக்குள்ள கொடுக்கிற நம்பர் சார். வீட்டோட சரி.”

“இங்க பிரிண்டர் வருதே?”

“அங்க இருக்கிற மோடம் அதே நம்பரைப் பிரிண்டருக்குக் கொடுத்திருக்கும். உங்க பதினாலாம் நம்பர் டோக்கன் பக்கத்து ஆஸ்பத்திரியில செல்லுமா?”

போயும் போயும் அவருக்கே டோக்கன் பாடம்!

“வெளியிலேர்ந்து பார்க்க வழியே இல்லையா?”

“இந்தக் கேமராவுல கஷ்டம் சார். நெட் கம்பெனியும் வெளியிலேர்ந்து உங்க கனெக்‌ஷனுக்கு வழி திறந்து விடமாட்டாங்க. வீட்டுல இருந்தா பார்க்கலாம்.”

வீட்டில் இருந்தால் கேமரா எதற்கு? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

போனை வைத்ததும் மனைவி கூப்பிட்டாள். அவள் குரலில் இத்தனை உற்சாகத்தைக் கேட்டு வெகுநாளாயிற்று.

“என் போன்லயும் அந்த நம்பரை அடிச்சேங்க. நான் நல்லாத் தெரியுறேன்! உங்களுக்கும் தெரியுதா?”

எதிரே கன்னம் வீங்கிய ஒருவர் டோக்கனுக்குக் கை நீட்டியபடி நின்றார்.

“தெரியுதும்மா.”

“கை ஆட்டுறேன், பாருங்க.”

“பார்க்கிறேன்.”

சாயங்காலம் எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தார். வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு ஆனதும் பயமே போயிடுச்சுங்க. ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டு பூரா துடைச்சுட்டேன். பார்த்தீங்கதானே?”